வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு

நெரும்பூர்
12.6.2005

அன்புள்ள தம்பி காசிநாதனுக்கு,

அக்கா விஜயகுமாரி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று எழுது. போன மாதம் நீ டவுனுக்கு வந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசினாயே, அப்பாவுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. "நல்லாக்கீறியா, நல்லாக்கீறியா" என்று மூன்று நிமிஷமும் கத்திவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார். நமக்குக் கடிதமே தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். பம்புசெட்டுக்கு இலவச கரண்ட் கேட்டுப் போட்ட விண்ணப்ப வரிசை நகர்ந்துவிட்டது. இருநூற்று ஐந்தாவது நம்பர்காரருக்குப் போன வாரம் கம்பம் நட்டார்கள். நம்முடையது இருநூற்றுப் பன்னிரண்டு. விண்ணப்பம் போட்டபோது நீ செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயசுப் பையன். இப்போது உனக்கு முப்பத்து நான்கு. "மோட்டார் ஓடட்டும், அப்புறம் கல்யாணம்" என்று நீ வீறாப்பாகச் சொன்னதை நம்பி நானும் பெண் பார்க்காமல் விட்டுவிட்டேன். இனிமேல் பார்க்கலாம் போலிருக்கிறது.

ஆயில் இன்ஜின் என் உயிரை வாங்குகிறது. ஒன்றரை ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்ச இரண்டு நாள் ஆகிறது. நம் வயலுக்கு மேலே கல்பாக்கம் கரண்ட் லைன் போகிறது பார், மழை நாளில் அது 'உய்'யென்று கத்தும்போது, கீழே நின்று ஹேண்டில் சுற்றுகிற எனக்கு வருகிற கோபம் கொஞ்சமில்லை. நான் கீரை கொடுக்கப் போகிற குவார்ட்டர்ஸில் சம்பத் சார் என்று ஒருவர் இருக்கிறார், அணுமின் நிலையத்தில் வேலை. அவரிடம் சண்டைக்குப் போனேன். "இது ஊர்ப் பொது ஏரி மாதிரி அம்மா. பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தனி மதகு கிடையாது" என்று சிரித்தார். அவர் மனைவி ராஜம்மாள் ஒரு கட்டுக் கீரை கூடுதலாக வாங்கி என்னைச் சமாதானப்படுத்தினார்.

உன் கடிதம் வந்தால் அப்பா முதலில் அடியில் இருக்கும் கையெழுத்தைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறார். அதனால் மறக்காமல் முழுப் பெயரும் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா விஜயகுமாரி


அலிபூர்துவார் பக்கம், பூட்டான் எல்லை, லைன் கேம்ப்
3.7.2005

அன்பு அக்காவுக்கும் அப்பாவுக்கும் காசிநாதனின் வணக்கம்.

நான் நலம். இருமல் போய்விட்டது. இங்கே மழை ஆரம்பித்து, அட்டைகள் காலை விட்டு இறங்க மாட்டேன் என்கின்றன. அது ஒன்றுதான் தொல்லை.

இருநூற்று ஐந்து வந்துவிட்டதா! படித்ததும் கேங்கில் இருக்கும் பதினெட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நம் ஊர்ப்பக்கம் படூரிலிருந்து வந்திருக்கும் மணி, "அண்ணாத்த, இன்னா விசேஷம், பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றான். மோட்டார் என்றேன். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாங்கள் இழுக்கிற லைனைப் பற்றி முன்பு கேட்டிருந்தாய் அல்லவா, சொல்கிறேன். பூட்டான் மலையில் ஆற்றைத் திருப்பிக் கரண்ட் எடுக்கிறார்கள். கட்டப் பணம் கொடுத்தது நம் நாடு, கரண்டை விலைக்கு வாங்கப்போவதும் நம் நாடு. ஒரு டவர் அவர்கள் மண்ணில் நிற்கிறது, அடுத்த டவர் நம் மண்ணில். எல்லை கேட்டில் எங்களிடம் பெயர், ஊர், அப்பா பேர் எல்லாம் கேட்கிறார்கள். கம்பியை ஒன்றும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் அங்கே கரண்ட் வழிந்து ஓடும். பனிக்காலத்தில் ஆறு இளைத்துவிடும், அப்போது விற்றவர்களே நம்மிடம் வாங்க வருவார்கள், அதே கம்பி வழியாக. உன் சம்பத் சாரிடம் சொல். ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடி, மழையில் இந்த ஆறு, வருஷம் பூராவும் இரவும் பகலும் கல்பாக்கம். மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் எந்தக் கிணற்றுக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் இழுத்த கம்பியில் வருகிற கரண்ட்தான் நம் மோட்டாரைச் சுற்றப்போகிறது என்று அப்பாவிடம் சத்தமாகச் சொல்.

முழுப் பெயரும் போட்டிருக்கிறேன், தடவிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு
மு. காசிநாதன்


நெரும்பூர்
20.8.2005

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். இதைப் படித்ததும் பெட்டியைக் கட்டு.

நம் நம்பர் வந்துவிட்டது. உன் பெயருக்கு ரிஜிஸ்டர் தபால். தொண்ணூறு நாளைக்குள் மோட்டாரை இறக்கி வைத்து, பட்டாவோடு நீயே நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் பதினைந்து கடைசி. தவறினால் நம்பரை அடித்துவிடுவார்கள், மறுபடி கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கரண்ட் ஆபீஸில் இருந்தவரும் நல்லபடியாக இரண்டு தரம் சொன்னார்.

அப்பா அன்றைக்கே பசுவை விற்க ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் மாட்டுவண்டியில் மோட்டார் வந்து இறங்கியது. ஐந்து குதிரைச் சக்தி. சாக்குப் போட்டுச் சுற்றி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுகிறார். எனக்குப் பால் போயிற்றே என்று வருத்தம்தான். ஆனால் எழுபத்து மூன்று வயதில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சீக்கிரம் வா. ரயிலைச் சொல், செங்கல்பட்டுக்கு வந்து அழைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்
அக்கா


லைன் கேம்ப்
28.9.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். கேம்ப்பை இரண்டு முறை மாற்றிவிட்டோம். உன் கடிதம் எங்களைத் தேடி அலைந்து நேற்றுத்தான் கைக்கு வந்தது. மோட்டார் வாங்கியது தெரிந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்டோபர் பதினான்காம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். ஆற்றைத் தாண்டும் கடைசி ஐந்து டவருக்குக் கம்பி இழுத்துவிட்டால் என்னை விடுவதாக இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். வேலை அதிகமில்லை, சடங்குதான் அதிகம். எங்கள் லைனில் இன்னும் கரண்ட் விடவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஓடுகிற பழைய லைனின் கரண்ட் இதில் தொற்றிக்கொள்ளும். அதனால் கம்பியைத் தொடும் முன், அந்தக் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட இரண்டு பக்கமும் எர்த் கட்ட வேண்டும், வேலை முடிந்து கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு டவருக்கும் அரை நாள் இதற்கே போகிறது. பார்க்கலாம், கேங்குக்கு மேஸ்திரி நான்தானே. எப்படியாவது பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவேன்.

பதினேழாம் தேதி காலையில் செங்கல்பட்டில் இறங்குவேன். ஒப்பந்தத்தில் போட வேண்டிய கையெழுத்தை, பத்தொன்பது வயதில் எப்படிப் போட்டேனோ அப்படியே வருகிறதா என்று சிமெண்டு மூட்டைத் தாளில் போட்டுப் பார்த்தேன். அச்சாக வருகிறது.

இப்படிக்கு
மு. காசிநாதன்


நெரும்பூர்
30.10.2005

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். நீ ஏன் வரவில்லை?

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, மூன்று நாள் காலையும் அப்பா கொட்டுகிற மழையில் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். வடக்கே இருந்து வருகிற வண்டி ஒன்று விடாமல் பெட்டி பெட்டியாகப் பார்த்தாராம். இன்ஜினியர் விடவில்லையா? மனசு மாறிவிட்டாயா? திட்டுவதற்காவது ஒரு வரி எழுது. பதினாறு நாள்தான் இருக்கிறது.

அக்கா


லைன் கேம்ப்
8.11.2005

அன்புள்ள அக்காவுக்கு,

காசிநாதன் சொல்ல, மணி எழுதுவது. நான் நலம். வலது கை விரலில் நகச்சுற்று, பேனா பிடிக்க முடியவில்லை, வேறு ஒன்றுமில்லை. வேலை முடியாததால் லீவு கிடைக்கவில்லை. அப்பாவை மழையில் நிற்க வைத்ததற்கு மன்னிக்கவும். ஆபீஸில் கொஞ்சம் தவணை கேட்டுப் பார். சாப்பாடு எல்லாம் நன்றாக இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு
காசிநாதன் (எழுதியது மணி)

அக்கா, நான் மணி. அண்ணாத்தைக்கு இதைப் படித்துக் காட்டிவிட்டேன், இந்த வரியை மட்டும் படித்துக் காட்டவில்லை. உங்களுக்குத் தோதுப்பட்டால் யாராவது ஒரு தடவை இங்கே வந்து போகலாம்.


நெரும்பூர்
18.11.2005

அன்புள்ள தம்பிக்கு,

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலை விட்டு வை, இரண்டு நாளில் பழுத்து உடையும். மணி எழுதியதைப் பார்த்தேன். நாங்கள் எங்கேயப்பா அவ்வளவு தூரம் வர? ஏரி உடைந்து பஸ்ஸே ஒரு வாரம் வரவில்லை. அப்பாவுக்கோ முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

ஆபீஸில் போய் நின்றேன். மழை வெள்ளத்தைச் சொல்லி டிசம்பர் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். நீ நேரில் வர முடியாவிட்டால் இதோடு வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். ஆனால் பழைய விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து மாதிரியே இருக்க வேண்டும். அதுதானே உனக்கு அச்சாக வருகிறது என்று சொன்னாய்.

உன் போன கடிதத்தில் கையெழுத்து இல்லை என்று அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான்தான் கிழித்துவிட்டதுபோல. அவருக்கு அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. விண்ணப்பம் போட்ட அன்றைக்கு நீ வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உள்ளே நான்தான் கூட இருந்தேன். முதலில் அவர் பெயரில்தான் விண்ணப்பம் எழுதினோம். ஏர் பிடித்து, கிணற்றில் கவலைக் கயிறு இழுத்துத் தேய்ந்துபோன கட்டைவிரல், ரேகையே விழவில்லை. மூன்று தாள் வீணாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவன், "பெர்சு, காலு வெரல வெச்சுப் பாரு" என்றான். வரிசையே சிரித்தது. அப்பா தாளைக் கசக்கிவிட்டு, "என் புள்ள பேர்ல எய்து. அவன் கையெய்த்துப் போடுவான். இனிமே இந்த வூட்ல கைநாட்டு கெடையாது" என்றார். அதற்காகவே கிணற்றுப் பட்டாவையும் உன் பெயருக்கு மாற்றினார். பையனுக்கு வயசும் நிறைய இருக்கிறது, வரிசை எவ்வளவு நீண்டாலும் தாங்கும் என்பது அவர் கணக்கு.

கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்
அக்கா


லைன் கேம்ப்
20.12.2005

அக்காவுக்கு,

நலம். தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நகச்சுற்று இன்னும் முழுதாக ஆறவில்லை, அதனால் கொஞ்சம் கோணலாக இருக்கும். அவர்களிடம் எடுத்துச் சொல். அப்பாவிடம் காட்ட வேண்டாம்.

காசிநாதன் (எழுதியது மணி)


நெரும்பூர்
5.1.2006

தம்பி,

அந்தக் கையெழுத்தை ஆபீஸில் பழைய விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எனக்கே தலையைத் தூக்க முடியவில்லை. ஒன்றாங்கிளாஸ் பிள்ளை சிலேட்டில் எழுதினது மாதிரி இருந்தது. "நீயே போட்டுட்டியாம்மா?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா தாளைப் பிடுங்கிக்கொண்டார். தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். "இது அவன் போட்டது இல்ல" என்றார். தாளை என்னிடம் நீட்டி, "அவன் கைக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை, காசி. இரண்டு மாதமாக எந்த நகச்சுற்று இருக்கும்? மணி வரச் சொன்னானே, அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா எனக்கு?

சம்பத் சார் எனக்காக ஒரு நாள் லீவு போட்டு ஆபீஸுக்கு வந்து பேசினார். கை முடியாதவர்கள் இடது கட்டைவிரல் ரேகை வைக்கலாமாம், அங்கே உள்ள ஒரு அரசாங்க அதிகாரி ரேகைக்குப் பக்கத்தில் சான்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தாள் வைத்திருக்கிறேன். ஜனவரி முப்பத்தொன்றுதான் கடைசி, இதற்கு மேல் தவணை இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

என்ன ஆனாலும் எழுது. நான் உன் அக்கா. மோட்டார் கிடக்கட்டும், நீ எப்படி இருக்கிறாய்?

விஜயகுமாரி


லைன் கேம்ப்
26.2.2006

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நானே எழுதுகிறேன், இடது கையால். நாலு நாளாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் சம்பத் சாரிடம் கொடுத்துப் படித்துக்கொள்.

அக்டோபர் பதினொன்று. நாலாவது டவர். மழைக்கு முன் கம்பியை மாட்டிவிட்டால் பன்னிரண்டோடு வேலை முடியும். ஒரு பக்க எர்த்தை முன்னாலேயே கழற்றிக்கொண்டு போய் அடுத்த டவரில் கட்டச் சொன்னேன், அரை நாள் மிச்சம் என்று. மணி "வாணாம் அண்ணாத்த" என்றான். நான் கேட்கவில்லை. சொன்னதும் நான், மேலே ஏறினதும் நான். கரண்டே விடாத கம்பி, அக்கா, பழைய லைனிலிருந்து தொற்றியதே கையைப் பிடித்துவிட்டது. சிலிகுரி ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே வலது கையை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, எனக்குப் பின்னால் யாரும் ஏறவில்லை.

இப்போது ஸ்டோரில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். கையெழுத்து வராது என்று தெரிந்தும் டிசம்பரில் போட்டுப் பார்த்தேன். ஐம்பது தாள் போட்டு அதில் நல்லதைத்தான் அனுப்பினேன்.

உன் தாள் ஜனவரி பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. உடனே அனுப்பியிருந்தால் நாள் இருந்தது. சான்று எழுதுகிற அதிகாரி ஆபீஸ் நடக்கிற தூரம்தான். மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மூடிவிடுவேன். அந்த வீட்டில் இனிமேல் கைநாட்டு கிடையாது என்று அப்பா சொன்னதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, உன் மேல் பழி போடக் கூடாது. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று வைத்துவிட்டேன். சான்றும் வாங்கிவிட்டேன். இதோடு இருக்கிறது. நாள் கடந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்.

மழைக்கு முன் லைனில் கரண்ட் விடப்போகிறார்கள். கேம்ப்பில் பூஜை போடுவார்களாம். கீழே தேயிலைத் தோட்டத்துக் குடிசைகளில் இன்னும் சிம்னி விளக்குத்தான்.

காசிநாதன்


நெரும்பூர்
16.4.2006

என் கண்ணான தம்பிக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருக்கிறாய். இப்போதைக்கு இதுதான் சுகச் செய்தி.

உன் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அழுது முடித்து அப்பாவிடம் சொல்ல ஒரு நாள் ஆயிற்று. அவருக்குக் காது கேட்காதே, இதையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவே வந்து நின்றது. பூவாயி அத்தை என் வாயைப் பொத்தினாள். அப்பா, "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு போனோம். அப்பாவும் வந்தார், முழங்காலோடு. நம் நம்பரைப் பிப்ரவரியிலேயே அடித்துவிட்டார்கள். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. இருநூற்றுப் பதின்மூன்றுக்குக் கம்பம் நட்டுவிட்டார்களாம். கரண்ட் ஆபீஸ் அதிகாரி உன் ரேகையையும் சான்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா செஞ்சிருப்பேன்மா. இனிமே என் கையில இல்லை. புதுசா போட்டா கடைசி நம்பர்தான்" என்றார். நம் தொகுதியில் மட்டும் ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் காத்திருக்கிறார்களாம். நான் சம்பத் சாரிடம் கேட்டேன், பூட்டான் கரண்ட் வந்தால் வரிசை சீக்கிரம் நகருமா என்று. அவர் எப்போதும் சிரிப்பவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "வரும்மா. ஆனா அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள கேக்கறவங்க ஜாஸ்தி. ஓ.எம்.ஆர். ரோட்ல ஒவ்வொரு கண்ணாடிக் கட்டடத்துக்கும் ராத்திரி பகலா ஏ.சி. ஓடுது. அணு, காத்து, தண்ணி, எல்லாத்தையும் சேர்த்தாலும் இன்னும் பத்தல" என்றார். நல்ல மனுஷர், பொய் சொல்ல வரவில்லை.

நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்பா எழவில்லை. புது விண்ணப்பம் ஒன்று வாங்கச் சொன்னார். யார் பெயரில் என்று கேட்டார்கள். "முன்சாமி. என் பேர்லதான்" என்றார். பட்டா உன் பெயரில் இருக்கிறதே என்றதற்கு, நீ அனுப்பின சான்றுத் தாளையே சம்மதமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த அதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார். "பெரியவரே, வயசு எழுபத்து நாலு போட்டிருக்கு. உங்க முறை வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகுமே" என்றார்.

அப்பாவுக்கு அது எப்படியோ கேட்டுவிட்டது. "ஆவட்டும் நைனா. நான் இல்லாங்காட்டி என் புள்ள வருவான். அவனும் கைநாட்டுதான்" என்றார்.

ரேகை விழவில்லை. மூன்று தரம் மை தடவினோம். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, காசி. நாலாவது தரம் கொஞ்சம் விழுந்தது. புது நம்பர் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

மோட்டாரை விற்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். சாக்கோடு அப்படியே இருக்கிறது. காலையில் இப்போது தட்டிப் பார்ப்பதில்லை. நான் ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் சுற்றுகிறேன். நீ வந்தால் இடது கையால் டீசல் ஊற்று, போதும். வா. என்றைக்கு வண்டி என்று எழுதாதே, அவர் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பார்.

இந்தக் கடிதத்தை முடிக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேனா மையை விரலில் தடவிக்கொண்டு, இடம் காட்டச் சொன்னார். என் பெயரை அதனால்தான் மேலே தள்ளிப் போடுகிறேன். கீழே இருப்பது அவருடையது. தாள் உன் கைக்கு வந்ததும் தடவிப் பார்.

அக்கா விஜயகுமாரி